மூன்றரை மணி நேரம்

கிரனாடா, ஸ்பெயின், 2025

மார்ச் 27

மழை. சியெர்ரா நெவாதா பக்கம் பார்த்தால் மலையே இல்லை, மேகம்தான். தெருவைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். வீட்டுக்காரம்மா செனியோரா சாப்பாட்டு மேசைக்கு அடியில் கரண்ட் கணப்பைப் போட்டு, தரைவரை தொங்கும் கனத்த மேசைத்துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு டிவி பார்க்கிறார். நானும் அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு வரைந்தேன். கால் மே மாதத்தில், மூக்கு டிசம்பரில்.

மாசமாக இருக்கும் அக்காவுக்கு பிரஷர் 140/90. “கொஞ்சம்தான்டி” என்கிறாள் அம்மா. அம்மாவின் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 30

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தைத் தள்ளியதில் அதிகாலை இரண்டு மணி மூன்றாகிவிட்டது. நேற்றுவரை மதுரைக்கும் எனக்கும் நாலரை மணி நேரம், இன்றிலிருந்து மூன்றரை. அக்கா பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி ஒரு அசட்டு சந்தோஷம்.

இந்த ஊர்க் கடிகாரமே பொய்தான். சூரியனைக் கேட்டால் லண்டன் நேரம் சொல்லும். 1940-ல் பிராங்கோ ஆட்சியில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியோடு சேர்த்து வைத்தார்கள். அதோடு சரி, அப்புறம் யாரும் திருப்பி வைக்கவில்லை. எட்டரைக்குத்தான் இருட்டுகிறது. செனியோரா இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது அம்மா அங்கே பாதித் தூக்கத்தில் இருப்பாள்.

ஏப்ரல் 4

நான் கூப்பிடவில்லை. அவர்களும்.

ஏப்ரல் 9

பேராசிரியர் ஒவ்வொரு வார்த்தையிலும் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிவிடுகிறார். ஒன்றைச் சொல்கிறாரா பலவற்றைச் சொல்கிறாரா என்று திரையில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். சென்னையில் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷ் மத்ரித்துக்குப் போகிறவர்களுக்கானது போல.

வகுப்பு முன்னால் நின்று பேச வேண்டும், எக்ஸ்போசிசியோன் என்கிறார்கள். எனக்கு மே 13-ஆம் தேதி. பதினைந்து நிமிடம், கையில் பேப்பர் கூடாது. தலைப்பு ஆல்ஹிபே தெல் ரெய். அல்பைசின் மேட்டில், தெருவுக்கு அடியில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. இதுதான் அவற்றில் பெரியது. பதினோராம் நூற்றாண்டு, சுமார் மூன்று லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆல்ஃபகார் ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, மலைச்சரிவை ஒட்டியே தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பம்பு கிடையாது, சாய்மானம் மட்டும்தான். உள்ளே செங்கல் வளைவுகள், சுவரில் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் செங்காவிப் பூச்சு. போன வாரம் உள்ளே போனபோது சுவரைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இதைத் தமிழில் என்றால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. எங்கள் ஆர்க்கிடெக்சர் பள்ளி இருக்கும் காம்போ தெல் பிரின்சிபே சதுக்கத்தில் ஒரு கல் சிலுவை நிற்கிறது, சுற்றிலும் கம்பி வேலி. தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன், நின்று பார்த்ததில்லை. இன்று மதியம் மூன்று மணிக்கு அதன் முன்னால் நின்று மூன்று வரம் கேட்கலாம் என்று செனியோரா இழுத்துக்கொண்டு போனார். சதுக்கம் நிறைய ஜனம். மூன்று அடித்ததும் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். ஸ்பெயினில் இவ்வளவு பேர் ஒன்றாகச் சும்மா இருந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் வரம் அக்கா. இரண்டாவது, குழந்தை. மூன்றாவதாக எக்ஸ்போசிசியோன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று ஆரம்பித்தேன், கூச்சமாக இருந்தது. பிரஷருக்கே கொடுத்துவிட்டேன்.

மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஏப்ரல் 21

போப் இறந்துவிட்டார். டிவி அணையவே இல்லை.

ஏப்ரல் 28

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்கு ஸ்டூடியோவில் எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன. மதுரைக்காரிக்குக் கரண்ட் போவதெல்லாம் ஒரு விஷயமா? பென்சிலை எடுத்து விட்ட இடத்திலிருந்து வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்து மத்ரித்திலும் இல்லை என்றான். அப்புறம் போர்ச்சுகலிலும் இல்லை என்றார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரத்தில் போகுமா?

அக்காவுக்கு ஸ்கேன் சாயங்காலம் ஐந்து மணிக்கு. இங்கே ஒன்றரை. “என்னாச்சு?” என்று அனுப்பினேன். டிக் விழவில்லை, சின்னக் கடிகாரக் குறி வந்து அப்படியே நின்றது. மொட்டைமாடி, தெருமுனை, சதுக்கம், எங்கே போய்ப் பார்த்தாலும் அதே குறி. எல்லாரும் என்னைப் போலவே போனை மேலே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிக்னல் விளக்கு இல்லாத சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சீனக் கடையில் பேட்டரி, டார்ச் எல்லாம் காலி. கார்டு எடுபடாது. பர்ஸில் ஐந்து யூரோ இருந்தது, தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் வாங்கினேன்.

வீட்டில் செனியோரா சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்று, டிவி ரிமோட்டிலிருந்து ஒன்று என்று பேட்டரியைக் கழற்றி, அலமாரியில் கிடந்த டிரான்சிஸ்டரில் போட்டார். அதைக் கொண்டுபோய் மாடிப்படியில் வைத்ததும் கட்டடமே படியில் வந்து உட்கார்ந்துவிட்டது. காரணம் ஆளுக்கு ஒன்று: ரஷ்யா, சோலார், அரசாங்கம். மேல்மாடிக்காரர்களுக்குக் கரண்ட் அடுப்பு. முட்டையும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். ஆரஞ்சு கேஸ் சிலிண்டரைப் படியேற்றும்போதெல்லாம் நான் முனகுவேன். இன்று அதில்தான் மூன்று வீட்டுச் சமையல். செனியோரா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திருவிழா மாதிரிதான் இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை. நீர் குறைவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்? உடனே எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால்? அம்மா டிவியில் இதைப் பார்த்து, அங்கே இருக்கிற பிரஷர் போதாதென்று என்னைப் பற்றியும் பயந்துகொண்டிருந்தால்? மணி பார்க்கலாம் என்று சுவரைப் பார்த்தால் பேட்டரி இல்லாத கடிகாரம்.

இன்னும் கடிகாரக் குறிதான்.

ஏப்ரல் 29

கரண்ட் எப்போது வந்தது என்று தெரியாது, தூங்கிவிட்டேன். ஸ்கேன் நார்மல். அம்மா டிவியே பார்க்கவில்லையாம்! “கோயில்ல கொடியேத்தம், ஒரே கூட்டம்” என்கிறாள்.

மே 3

சிலுவைத் திருநாள். முற்றத்துக்கு முற்றம் சிவப்புக் கார்னேஷனில் ஆளுயரச் சிலுவை. சுற்றிலும் பித்தளைப் பாத்திரம், பூவேலைச் சால்வை, கீழே ஒரு ஆப்பிளில் குத்தி நிற்கும் கத்தரிக்கோல். குறை சொல்கிறவர்கள் வாயை அடைக்கவாம். திருஷ்டிக்கு இவர்கள் ஊர் வழி. வளைகாப்புக்கே இதைச் செய்திருக்க வேண்டும், வந்தவர்களெல்லாம் “வயிறு சின்னதா இருக்கே” என்றார்கள்.

மே 4

“வலி வந்திருச்சு, வைக்கிறேன்.”

மே 5

பெண். 2.7 கிலோ. அத்தான் அனுப்பிய படத்தில் ஒரு காது மட்டும்தான் சரியாகத் தெரிகிறது. அக்கா காது.

வகுப்பில் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பேராசிரியரிடமே சொன்னேன். அவர் ஏதோ சொன்னார், பாதி புரிந்தது.

மே 8

குழந்தைக்கு மஞ்சள். பிலிருபின் 16. கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், தெரியும். தெரிந்து என்ன. ஜன்னல் வெயிலில் காட்டச் சொல்கிறார் செனியோரா. மதுரையில், மே மாதத்தில்!

ஸ்லைடு ஒன்றுகூட முடியவில்லை.

மே 11

13. இறங்குகிறது. நாளை இன்னொரு தடவை எடுக்கிறார்கள்.

விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார், இங்கே இரவு இரண்டு மணிக்கு மேல். இந்த வருஷம் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. லைவ் ஓடட்டும், நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறேன். ஒன்பதாவது ஸ்லைடில் குறுக்குவெட்டுக்கு அளவுகோல் போட வேண்டும். வாய்க்காலின் சாய்மானத்தை வாயால் சொல்வதா, படம் போடுவதா? படம்தான். பேசினால் ‘ஸ்’ வேறு உதைக்கும். அல்லது இவர்கள் மாதிரியே விழுங்கிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? நாளை பத்து மணிக்குள் பிரின்ட் எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அத்தானுக்கு போன், ரிசல்ட்