மணல் மிஞ்சியிருக்கும் இடங்கள்: காசிமேட்டிலிருந்து முகத்துவாரம் வரை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கரையோரமாக ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இருக்கும். தண்டையார்பேட்டையில் கடலுக்கு மூன்று தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் நான். இருந்தும் இந்தத் தூரத்தை ஒருமுறையாவது நடந்து பார்க்கவேண்டும் என்று இந்தத் தை மாதத்தில்தான் தோன்றியது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒரே மூச்சில் நடக்க முடியாது, ஏனென்றால் இங்கே கரை தொடர்ச்சியாக இல்லை. துறைமுகச் சுவர், கருங்கல் அணை, சாலை, ஆலை வேலி என்று மாறி மாறி வரும். இடையிடையே சிறு துண்டாக மணல் தென்படும். அந்தத் துண்டுகளைத் தேடிப் போனதுதான் என் பயணம்.

முதல் ஞாயிறு விடியற்காலை மூன்றரை மணிக்குக் காசிமேட்டில் இருந்தேன். விசைப்படகுகள் நெருக்கமாக அணைந்து நிற்க, ஐஸ் கரைந்த தண்ணீர் கணுக்கால் வரை ஓடிக்கொண்டிருக்க, வஞ்சிரமும் சங்கராவும் வவ்வாலும் கூறு கூறாகத் தரையில் பரப்பப்பட்டிருந்தன. ஏலம் விடுபவரின் குரலுக்கு ஈடாக நின்று விலை கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் மீனைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. செவுளின் நிறத்தையும் கண்ணின் தெளிவையும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார்கள். எடுத்த கூடையை அங்கேயே பிரித்து, சில்லறைக்கு வாங்குவோருக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு ஷேர் ஆட்டோவில் ஏறி அவரவர் சந்தைக்குப் போய்விடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வரும்போது இந்த இரைச்சல் முழுவதும் அடங்கிவிடும். கரையோரம் போய்வரும் பைபர் படகுகளின் மீன் மட்டுமே அப்போது வரும். காசிமேட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டி வடக்கே, காவல் நிலையத்தின் எண்ணைக் கொண்டு எல்லோரும் 'என்-4 பீச்' என்று அழைக்கும் இடத்தில்தான் முதல் மணல் துண்டு கிடைத்தது. கடலுக்குள் நீளும் கற்குவியலை அரசு அறிவிப்புகள் தூண்டில் வளைவு என்கின்றன. மேலிருந்து பார்த்தால் தூண்டில் முள்போல வளைந்திருப்பதால் வந்த பெயராக இருக்கவேண்டும். அதன் அணைப்பில் ஒதுங்கிய மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்; ஒருவர் கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் படுத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவு வரை வெறும் கல்தான். கல்லின் மேல் ஏறி நின்றால் ஒருபுறம் அலை மோதும், மறுபுறம் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

இந்தக் கல் ஏன் வந்தது என்பதை வடசென்னைக்காரர்கள் எல்லோரும் ஓரளவு அறிவார்கள்; தென்சென்னையிலிருந்து வரும் நண்பர்களுக்குத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் அதைக் கரையோரமாக வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் மிகுதி. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தன. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் நீண்ட கைகளைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தும், அவை மீண்டும் எழுந்தன. வடக்கே போகவேண்டிய மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே தங்கியது. கோட்டைக்குத் தெற்கே கடல் பின்வாங்கி, இன்று உலகமே வந்து சுண்டல் தின்னும் மெரினா அகன்றது. சுவருக்கு வடக்கே கடல் வழக்கம்போல் மணலை அள்ளிக்கொண்டு போனது, ஆனால் அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. இராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஊர் ஊராக ஏறி வந்தது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது. கல் முடிந்த இடத்திலிருந்து வடக்கே மறுபடி தொடங்கியது.

திருவொற்றியூருக்கு அருகில் ஒரு குப்பத்தில், வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "எங்க மண்ணுதான் தம்பி மெரினாவுல கெடக்குது." பிறகு எழுந்து என்னைக் கல் அணையின் மேல் அழைத்துச் சென்று, கடலுக்குள் ஆடிக்கொண்டிருந்த ஒரு பைபர் படகைக் காட்டி, அது நிற்கும் இடத்தில்தான் அவருடைய தாத்தாவின் வீடு இருந்தது என்றார். வீட்டுக்கு முன்னால் கட்டுமரம் ஏற்ற ஒரு மேடு, அதற்கு முன்னால் வலை காயப்போடும் வெளி, அதற்கும் அப்பால்தான் அலை. சிறுவனாக இருந்தபோது அந்த வெளியில் வெயில் நேரத்தில் வெறுங்காலோடு ஓட முடியாது, பாதம் பொரிந்துவிடும் என்றார். நான் அந்தப் படகையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலரிப்பு என்ற சொல்லை நாளிதழ்களில் ஆண்டுக்கணக்காகப் படித்திருக்கிறேன்; ஒரு வீட்டின் வாசலாக அதை எண்ணிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மணல் போனதால் என்னென்ன போயின என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் போனது கரைவலை. வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இருபுறமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுப்பதற்குக் கால் ஊன்ற மணல் வேண்டும். கல்லின் மேல் நின்று அந்த வலையை இழுக்க முடியாது. வயதானவர்களும் சிறுவர்களும் பெண்களும் கயிற்றைத் தொட்டு ஒரு பங்கு பெறக்கூடிய தொழில் அது. பிறகு கருவாடு காயவைக்க இடம் போனது. பெண்கள் சாலையோரத்தில் பாய் விரித்துக் காயவைக்கிறார்கள், லாரிப் புழுதி அதன் மேல்தான் படிகிறது. படகை ஏற்றி வைக்க இடம் போனதால், புயல் எச்சரிக்கை வந்தால் பைபர் படகைக் கிரேன் வைத்துத் தூக்கவோ வேறு ஊர்க் கரைக்கு ஓட்டிப் போகவோ வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே சொற்கள் போகவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே இறங்குவதை வன்னி என்றும் அவர் சொன்னார். நான் போன தை மாதக் காலையில் வாடைக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சிறு குச்சியை நீரில் எறிந்து, அது தெற்கே நகர்வதைக் காட்டி, "வன்னி" என்று மட்டும் சொன்னார். மணல் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பொறியாளர்கள் எழுதுவதற்கு முன்பே இவர்கள் இரண்டு சொற்களில் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பட்டினத்தார் சமாதிக்குப் போனேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் எல்லாவற்றையும் துறந்து ஊர் ஊராக அலைந்து, கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்த இடம் திருவொற்றியூர் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. என் பாட்டி சொல்லும்போது அதன் பிற்பகுதியைத்தான் விரித்துச் சொல்வார். கடற்கரையில் விளையாடும் சிறுவர்களோடு அவர் சேர்ந்துகொள்வாராம். தம்மை மணலில் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி, வேறோரிடத்திலிருந்து எழுந்து வந்து அவர்களைச் சிரிக்க வைப்பாராம். ஒருநாள் புதைத்தார்கள், அவர் எழவில்லை. தோண்டிப் பார்த்தபோது லிங்கம் இருந்தது. சமாதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடலைப் பார்க்க வந்தால், இடையில் சாலையும் கருங்கல் அணையும்தான் இருக்கின்றன. சிறுவர்கள் ஒரு பெரியவரை மூடும் அளவுக்கு மணல் அங்கே இல்லை. ஒற்றியூர் இறைவன் மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு இந்தக் கடலுக்குத்தான் வருகிறார். மூவர் பாடிய தலம், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். தை அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வருபவர்கள் கற்களுக்கிடையே காலை வைக்க இடம் தேடித் தடுமாறுவதைக் கண்டபோது, கடற்கரை இல்லாமற்போனதை ஏதோ மீனவர்களின் குறை என்று மட்டும் நகரம் எண்ணிக்கொண்டிருப்பது மிகத் தவறு என்று நினைத்தேன்.

திருவொற்றியூரில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி எர்ணாவூர் வரை சொல்வதற்கு அதிகமில்லை. பாரதியார் நகர்க் கரையில் மட்டும் நின்றேன். 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு கொட்டிய எண்ணெய் இந்தப் பாறைகளில்தான் வந்து படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளிகளால் அதை அள்ளினார்கள். அப்போது நானும் இரண்டு நாள் அள்ளினேன். கையில் ஒட்டிய கருமை ஒரு வாரம் போகவில்லை.

நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. நான்கு வாரங்களாகத் தேடிய மணல் இங்கே தாராளமாகக் கிடைத்தது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலுமாக ஒரு மணல் நாக்கு நீள்கிறது. அதன் மேல் நின்றால் அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், வடக்கே துறைமுகமும் தெரியும். மகிழ்ச்சியோடு நடந்த எனக்கு, இந்த மணலும் இவர்களுக்குத் தொல்லைதான் என்பது சற்று நேரத்தில் புரிந்தது. வடக்கே 2001-இல் திறந்த காமராசர் துறைமுகத்தின் சுவர் இன்னொரு முறை மணலைத் தடுக்கிறது. அதற்கு அப்பால் காட்டுப்பள்ளிப் பக்கம் கரை அரிக்க, இப்பால் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. வாய் அடைபட்டால் கடல்நீர் ஏறி இறங்காது. ஏறி இறங்காவிட்டால் ஆற்றில் இறால் வராது. காசிமேட்டில் மணல் இல்லாமல் தவிப்பு, இங்கே வேண்டாத இடத்தில் மணல் சேர்ந்து தவிப்பு.

ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள் சிலர். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றில் விரலை ஓட்டி, இறாலைத் தொட்ட கணத்தில் பிடித்து, வாயில் கவ்விய பறிக் கூடையில் போடுகிறார்கள். மின் நிலையத்துச் சாம்பல் பல ஆண்டுகளாக இந்த ஆற்றில் படிந்து சேறே சாம்பல் நிறமாகிவிட்ட இடங்களைக் காட்டினார்கள்; கால் வைத்தால் வழுக்காமல் சிமெண்டுபோல இறுகிக் கிடக்கிறது, அதில் இறால் பதுங்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது, படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்து, கூழைக்கடாக்கள் சிறகை விரிக்க முடியாமல் நின்றதைச் சொன்னார்கள். எண்ணெய் வழிக்கப்பட்ட பிறகும் பல வாரங்கள் எண்ணூர் மீன் என்றால் சந்தையில் யாரும் கூடையைத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

திரும்பும் வழியில் நெட்டுக்குப்பத்துச் சாலையோரத்தில் அலுமினியத் தட்டில் மடவை வைத்து விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. முகத்துவாரத்து மீன்தானா என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று இறுகியது. "ஆமா, ஆத்து மீனுதான். மோந்து பாத்துட்டு வாங்கு" என்று ஒரு மீனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஐயப்பட்டுக் கேட்கவில்லை, ஆற்று மடவை வேண்டும் என்றுதான் கேட்டேன் என்று விளக்கிய பிறகே அவர் தளர்ந்தார். செதில் எடுத்து, வயிற்றைக் கீறி, குடலைக் காகத்துக்கு எறிந்து, வாழையிலையில் கட்டிக் கொடுக்கும்போது, "கொழம்புல எண்ண வாட அடிச்சா வர்ற ஞாயித்திக்கெழம எடுத்துட்டு வா தம்பி, காசத் திருப்பித் தரேன்" என்றார்.

என் அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். வீட்டில் நால்வரும் சாப்பிட்டோம். மடவையின் மணத்தைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே போய் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கிலோ வாங்கி வருவதாக இருக்கிறேன்.