ஆறரை ஃபாரம்: முதல் தொகுப்புக்கான நாட்குறிப்பு

செப்டம்பர் 14

ஆவணி முடியப்போகிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவர நினைப்பவர்கள், கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டிய நேரம். காட்சி பொங்கலை ஒட்டி வரும். டிசம்பரில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் வாசல் வரை தாள்கட்டு நிற்கும், ஆகவே கோப்பு நவம்பர் கடைசிக்குள் அங்கே இருக்க வேண்டும். பக்க வடிவமைப்புக்கும், மெய்ப்பு பார்த்துப் பிழை திருத்துவதற்கும் ஒரு மாதம். ஆக, கைப்பிரதியை முடிக்க மிச்சம் இருப்பது ஆறு வாரம். அதில் முதல் வாரம் புனைபெயர் தேடுவதில் போய்விடும்.

செப்டம்பர் 16

புனைபெயர். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனதும், ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனதும் எல்லோருக்கும் தெரிகிறது. அவர்கள் கூடவே கதையும் எழுதினார்கள் என்பதுதான் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

பெயர் எதுவானாலும் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது மின்னஞ்சலின் அடியில் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையும் எழுதிவிடுவது. ‘நிலாமுற்றத்தான்’ பெயருக்கு வரும் காசோலையை எந்த வங்கியும் வாங்காது. இரண்டு, காப்புரிமை. எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் என்பது பொதுக் கணக்கு. யாரென்றே வெளியில் தெரியாத புனைபெயரில் வந்த நூலுக்கு அந்த 60 ஆண்டு, நூல் வெளியானதிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். நூல் விவரப் பக்கத்தில் ‘காப்புரிமை’ என்பதற்கு நேரே சொந்தப் பெயரைப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

செப்டம்பர் 22

போட்டி அறிவிப்புகளில் ‘1500 சொற்களுக்கு மிகாமல்’ என்று இருக்கும். கணினி இடைவெளியைத்தான் எண்ணும். ‘வந்து கொண்டு இருந்தான்’ மூன்று சொல். ‘வந்துகொண்டிருந்தான்’ ஒன்றே ஒன்று. 1640 சொல் உள்ள கதையில் ஒரு எழுத்தைக்கூட வெட்டாமல் 1500-க்குக் கொண்டுவந்துவிடலாம். உலகில் எத்தனை மொழிக்காரர்களுக்கு இந்த வசதி இருக்கிறது?

விளையாட்டில்லை. துணைவினையைச் சேர்த்து எழுதுவதுதான் முறையும்கூட. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. ‘கன்றை அவிழ்த்து விட்டான்’ என்றால் மேயப் போகட்டும் என்று விட்டான். ‘முடிச்சை அவிழ்த்துவிட்டான்’ என்றால் அவிழ்த்து முடித்தான். முதலாவதில் இடைவெளி வேண்டும். இரண்டாவதில் கூடாது.

செப்டம்பர் 29

பன்னிரண்டு கதைகளைச் சேர்த்துப் படித்தால் ஏழு கதைகளில் நாயகன் பெயர் மணி என்று தெரியவரும். உடனே ‘மணி’யை எல்லா இடத்திலும் ‘சேகர்’ என்று மாற்றச் சொல்லிக் கணினியிடம் கொடுப்பார்கள். விளைவு: ‘ஐந்து சேகர்க்கு எழுந்தான்.’ ‘ஆறு சேகர்ப் பேருந்து.’ ‘அவள் சேகர்க்கட்டைப் பிடித்தாள்.’ தங்கை கண்மணி, கண்சேகர் ஆகியிருப்பாள். ‘மணியை’ என்பது ‘சேகர்யை’ என்று பல்லில் மாட்டும்.

உருபு ஒட்டும் மொழியில் பெயர் மாற்ற ஒரு வழி உண்டு. பழைய பெயர் எந்த ஒலியில் முடிகிறதோ அதே ஒலியில் முடியும் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்குப் பதில் ரவி என்றால் ரவியை, ரவிக்கு, ரவியோடு எல்லாம் பொருந்திவிடும். ‘ஐந்து ரவிக்கு’ மட்டும் மிஞ்சும் என்பதால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்த வேண்டும். இருபது நிமிட வேலை.

‘ன்’ ஈற்றுப் பெயரில் வேறொரு கோளாறு. முருகனைக் குமரன் ஆக்க ‘முருகன்’ என்று தேடினால் ‘முருகனுக்கு’ சிக்காது. அங்கே இருப்பது ன் இல்லை, னு. ஆகவே பாதிக் கதையில் குமரனும் மீதிக் கதையில் முருகனும் ஒரே பெண்ணைக் காதலித்துக்கொண்டிருப்பார்கள். ‘முருக’ வரை மட்டும் தேடி ‘குமர’ என்று மாற்றினால் எல்லா உருபும் சரியாகும். கூடவே மளிகைக்கடை முருகேசன் குமரேசன் ஆவார், அது யாருக்கும் தெரியாது. முருகன் கோவில் குமரன் கோவில் ஆகும், அதில் சாமிக்கு ஆட்சேபம் இராது. முறுக்கை இடையின ரகரம் போட்டு ‘முருக்கு’ என்று எழுதியவர் மட்டும் அகப்பட்டுக்கொள்வார். அவர் கதையில் பாட்டி தீபாவளிக்குக் ‘குமர்கு’ சுடுவாள்.

அக்டோபர் 5

ஒற்று. கதையைப் படிக்கும்போதே ஒற்றையும் திருத்த முடியாது; கதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒற்றுக்கென்றே தனியாக ஒரு வாசிப்பு வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு கதைக்கு மேல் வேண்டாம்.

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, ‘ஐ’ உருபு, ‘கு’ உருபு. இவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்தாலே பாதிக்கு மேல் தேறிவிடும். வினைத்தொகையில் மிகாது: சுடுசோறு, ஊறுகாய். உம்மைத்தொகையில் மிகாது: வெற்றிலை பாக்கு. ‘ஓடாத குதிரை’யில் மிகாது, ‘ஓடாக் குதிரை’யில் மிகும்.

‘ஒரு புள்ளிதானே’ என்பவர்களுக்கு: ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்றால் ஆயுதம் கேட்கிறான். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ வீட்டில் இருந்தால் வனத்துறை வரும்.

அக்டோபர் 6

நாவல் எழுதுகிறேன் என்பவரிடம் எத்தனை பக்கம் ஆயிற்று என்று கேட்பதும், வரனிடம் சம்பளம் கேட்பதும் ஒன்று. வரும் பதிலில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 13

பேசிப் பேசியே கதை எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கைபேசி கேட்டுக்கொண்டு எழுதுகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால் ல, ள, ழ மூன்றையும் நாம் உச்சரிக்கும் லட்சணத்துக்கு ஏற்பத்தான் எழுதும். பல்லி பள்ளிக்குப் போகும். நிறுத்தக்குறி வராது. முக்கியமாக, வாயால் எழுதிய கதையில் ‘அப்புறம்’ மிகுந்திருக்கும். கடைசியில் அதை மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் கிள்ளிவிடலாம்.

அக்டோபர் 27

கைப்பிரதி வடிவமைப்பாளரிடம் போகும் வாரம். பாதிக் கதைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில், மீதி யூனிகோடில் என்று கொடுக்கக் கூடாது. பாமினிக் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். ‘மாற்றி’ என்னும் மென்பொருளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு ‘ஔ’ விஷயத்தைப் பார்க்காமல் விடக் கூடாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனி உறுப்பு கிடையாது, ளகரத்தையே போட்டு ஒப்பேற்றினார்கள். அதனால் ‘கௌரி’யில் இருப்பது கௌ எழுத்தா, கெ-யும் ள-வுமா என்று மாற்றிக்குத் தெரியாது. ‘கெளரி’ என்றே விட்டுவிட்டால், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மின்னூலில் ‘கௌரி’ என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஒளவையாருக்கும் ஔவையாருக்கும் இதே கதி. சரி என்று எல்லா ‘கெள’வையும் ‘கௌ’ ஆக்கினால் குழம்பில் கிடந்த கெளுத்தி மீன் உருத்தெரியாமல் போகும். ‘வெள’வை ‘வௌ’ ஆக்கினால் வௌவால் பிழைக்கும். வெளியீடு ‘வௌியீடு’ ஆகும். அச்சிட்ட புத்தகங்களிலேயே இந்த வௌியீட்டைப் பார்க்கலாம், அதுவும் பதிப்பகத்தின் பெயருக்குப் பக்கத்தில். கெள, செள, பெள, மெள, வெள, ஒள போன்றவற்றைத் தனித்தனியாகத் தேடி, ஒவ்வொரு இடமாகக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒட்டும்போது ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியே நின்றால் கோப்பின் மேல் குற்றமில்லை. பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

நவம்பர் 3

ஃபாரம் கணக்கு. டெமி என்னும் புத்தக அளவில், ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 1500 சொல் கதை, பக்கத்துக்குச் சுமார் 210 சொல் என்று வைத்தால் ஏழு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். தலைப்புக்கு விடும் வெற்றிடத்தையும் சேர்த்தால் எட்டு. பன்னிரண்டு கதைக்கு 96. ‘சரியாக ஆறு ஃபாரம்’ என்று மகிழ்ச்சி அடைபவர்கள், தலைப்புப் பக்கம், விவரப் பக்கம், சமர்ப்பணம், பொருளடக்கம், என்னுரை இவற்றை மறந்துவிட்டார்கள். அதற்கு எட்டு. மொத்தம் 104, அதாவது ஆறரை ஃபாரம். அரை ஃபாரம் அடிக்கலாம், தவறில்லை.

ஆபத்து அணிந்துரையில் இருக்கிறது. மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, அவர் உற்சாகத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டால் 107. அச்சகம் 112-க்குத்தான் கணக்குப் போடும். கடைசி ஐந்து பக்கம் வெள்ளையாக நிற்கும். வாசகர்கள் அதைப் புதுமை முயற்சி என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். நல்ல யோசனை: அணிந்துரையை முதலில் வாங்கி, என்னுரையை அதற்கேற்பச் சுருக்குவது. என்னுரை சுருங்குவதால் இலக்கியத்துக்கு எந்த நஷ்டமும் வந்ததில்லை.

நவம்பர் 9

மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் பார்க்க வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தப்பும் இடங்கள் மூன்று: கதைத் தலைப்பு, பின்னட்டை, நூலாசிரியர் பெயர். பெரிய எழுத்தில் இருப்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று கண் தாண்டிப் போய்விடுகிறது. பொருளடக்கத்தின் பக்க எண்களை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகுதான் போட வேண்டும்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்பச் சொல்லும் பழைய பத்திரிகை விதி நினைவிருக்கிறதா? ஈய அச்செழுத்துக் காலத்தில் கைப்பிரதியைத் தாள் தாளாகப் பிரித்துப் பல அச்சுக்கோப்பவர்களிடம் கொடுப்பார்கள். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தால் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் சும்மா இருக்க வேண்டும். காரணம் போய்விட்டது. விதி மட்டும் இன்னும் சில அறிவிப்புகளில் இருக்கிறது.

நவம்பர் 16

ஒப்பந்தம். பத்து சதவீத உரிமைத்தொகை என்பது வழக்கமான பேச்சு. விலை 130 ரூபாய், 300 பிரதி, எல்லாம் விற்றால் 3900 ரூபாய். வேலையை விடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தொகையைவிடக் கவனிக்க வேண்டியது காலம். உரிமையை எத்தனை ஆண்டுக்கு எழுதிக்கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று இல்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றுக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இன்னபிற அனைத்து வடிவங்களும்’ என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மறுபடி படிக்கலாம்.

நவம்பர் 23

அட்டை. 104 பக்கம் என்றால் 52 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் முதுகு சுமார் 5 மில்லிமீட்டர்தான் வரும். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறி, கீழே சுழி. ‘கூட்டுப் பூச்சிகள்’ போன்ற தலைப்பு அந்த முதுகில் கம்பளிப்பூச்சியாகத்தான் தெரியும். ஆசிரியர் பெயரை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் போடலாம். மனம் ஒப்பாது, இருந்தாலும்.

நண்பர் வரைந்த படத்தை வாட்ஸாப்பில் படமாக வாங்கக் கூடாது, சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கிறதா என்று பார்த்து, ஓரங்களில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும்.

நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். காசு கேட்டு யாராவது வந்தால் அது அலைச்சலுக்கான கூலி, எண்ணுக்கான விலை அல்ல. பழைய நூலின் எண்ணில் ஓரிரு இலக்கத்தை மாற்றிப் போட்டால் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கடைசி இலக்கம் முன்னுள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிட்டு வருவது, பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜனவரி 11

காட்சி அரங்கில் பத்து சதவீதக் கழிவு. 130 ரூபாய் புத்தகம் 117-க்குப் போகிறது, மூன்று ரூபாய் சில்லறைக்குக் கல்லாவில் இருப்பவர் அலைகிறார். 150 வைத்திருந்தால் 135. ஐந்து ரூபாய் நாணயத்தோடு முடிந்திருக்கும். விலை வைக்கும்போதே இதை யோசித்திருக்கலாம்.

ஜனவரி 19

இன்னும் ஒரு வேலை பாக்கி. நூல் வெளியான 30 நாளைக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, மும்பைக்கும் தில்லிக்கும் ஒவ்வொன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இது, செலவு பதிப்பாளருடையது. சொந்த வெளியீடு என்றால் தபால் செலவும் சொந்தமே. அனுப்பும் நான்கும் அச்சில் தேறிய நல்ல பிரதிகளாக இருக்கட்டும். தாள் மடங்கியதையும் பக்கம் மாறிக் கட்டியதையும் அனுப்பிவிட்டு, நல்லதை உறவினர்களுக்கென்று பீரோவில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உறவினர்கள் படிக்கப்போவதில்லை. கன்னிமாராவில் அட்டவணைப்படுத்துகிறவராவது தலைப்புப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்.