சராசரி சொல்லாமல் விடுவது

220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்ச இதயத்துடிப்பு கிடைத்துவிடும் என்று உடற்பயிற்சிக் காணொளிகள் அடித்துச் சொல்கின்றன. 1970களின் தொடக்கத்தில், அதுவரை வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே தோராயமாக இழுத்த கோடு அது. அது சொல்வது சராசரியைத்தான்: 40 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 180 வரும். அந்த வயதினரை உண்மையில் ஓடவிட்டு அளந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்த எண் 10 துடிப்புக்கும் மேல் கூடவோ குறையவோ இருக்கும். உச்சம் 168 மட்டுமே உள்ள ஒருவர், 180-இன் 85 சதவீதம் என்று உடற்பயிற்சிக் கைக்கடிகாரம் இலக்காகக் காட்டும் 153-ஐ எட்ட முயல்கிறார் என்று வையுங்கள். அவர் தன் உச்சத்தின் 91 சதவீதத்தில் ஓடுகிறார். சீக்கிரமே மூச்சு வாங்கி நிற்பார். தனக்கு உடல் தகுதியே இல்லை என்று முடிவுகட்டிப் பயிற்சியையே விட்டுவிடுவார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

2001-இல் வந்த சூத்திரம், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, முதியவர்களுக்கு இன்னும் பொருந்தும்: 60 வயதுக்கு 160 அல்ல, 166. ஆனாலும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அதிலும் போகாது. இரத்த அழுத்தம், இதய நோய்களுக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது, அந்த மருந்து துடிப்பையே குறைத்துவிடும். பேச்சுச் சோதனை இதைவிட நம்பகமானது. முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாவிட்டால் மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையான வேகம்.

 

முதலீட்டில் சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும். 100 போடுகிறீர்கள், முதல் ஆண்டு 50 சதவீத லாபம், அடுத்த ஆண்டு 50 சதவீத நட்டம். சராசரி பூஜ்யம். கையில் இருப்பதோ 75. ஆண்டுக்கு 13.4 சதவீதம் தேய்ந்திருக்கிறது. 'சராசரி வருமானம்' என்று யாராவது காட்டினால், இறுதித் தொகையை முதல் தொகையால் வகுத்து, எத்தனை ஆண்டோ அத்தனையாம் படிமூலம் எடுத்து (2 ஆண்டென்றால் வர்க்கமூலம்), 1-ஐக் கழியுங்கள். 10 ஆண்டில் இரட்டிப்பானது என்றால் ஆண்டுக்கு 7.2 சதவீதம்தான். மாதாமாதம் போட்ட பணத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு காலம் வேலை செய்திருக்கிறது. விரிதாளில், தேதிகளை வைத்து ஆண்டு வருமான விகிதத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரத்தைப் போடுங்கள்: தவணைகள் அவற்றின் தேதியோடு கழித்தல் குறியில், இன்றைய மதிப்பு இன்றைய தேதியோடு கூட்டல் குறியில். எல்லாவற்றையும் ஒரே குறியில் போட்டால் பிழை காட்டும். கட்டணத்தையும் பாருங்கள்: 8 சதவீத வளர்ச்சி 1 சதவீதக் கட்டணத்தால் 7 ஆனால், 30 ஆண்டு முடிவில் தொகையில் ஏறத்தாழ கால்வாசி போய்விடும்.

செய்தித் தலைப்பில் 'ஆபத்து 20 சதவீதம் கூடும்' என்று வந்தால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று தேடுங்கள். 100 பேரில் 5 பேர் 6 ஆனாலும் 20 சதவீதம், 10,000 பேரில் 5 பேர் 6 ஆனாலும் 20 சதவீதம்.

விளையாட்டில், பயிற்சியாளரை மாற்றியதும் அணி எழுந்தது என்பார்கள். தொடர் தோல்வியின் அடிமட்டத்தில்தான் பயிற்சியாளரை மாற்றுகிறார்கள். அங்கிருந்து அணி தன் வழக்கமான நிலைக்குத் திரும்புவது எப்படியும் நடக்கக்கூடியதே. புதியவர் என்ன சாதித்தார் என்று அறிய, அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளின் அடுத்த 10 ஆட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.