ஒன்பது வீதம் மட்டும் சுருங்கிய கட்டி

சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், என் நான்கு வயது மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் கையில்தான் அவன் வயிற்றிலிருந்த கட்டி முதலில் தட்டுப்பட்டது. இரண்டு கிழமைக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்விட்டோம். வலது சிறுநீரகத்தில், சிறுபிள்ளைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் என்றும், நெஞ்சு சி.டி. ஸ்கானின்படி நுரையீரலுக்குப் பரவவில்லை என்றும் சொன்னார்கள். உடனே வெட்டி எடுக்காமல், நான்கு கிழமைகள் வின்கிரிஸ்டின், அக்டினோமைசின் என்ற புற்றுநோய் மருந்துகளை ஏற்றிவிட்டு மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்த்தே சத்திரசிகிச்சை செய்வதென முடிவாயிற்று. கட்டி உடைந்துவிடும் ஆபத்து இருப்பதால் வயிற்றை எவரும் அழுத்தக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, அம்மா அவனைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார்.

அந்த நான்கு கிழமைகளும் நான் ஒரே ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தேன். கட்டியின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பெருக்கி, அதை மீண்டும் 0.523 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதன் கனவளவு வரும். முதலில் 11, 9, 8 சென்ரிமீற்றர். அதாவது 414 மில்லிலீற்றர். மருந்துக்குப் பிறகு 10, 9, 8, அதாவது 377. சுருங்கியது ஏறக்குறைய ஒன்பது வீதம் மட்டுமே என்று தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, என் கை நடுங்கியது.

ஸ்கான் படங்களைப் பார்க்கும் கதிரியல் வைத்தியர் எங்களை அருகில் இருத்தி, எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினார். சாயமருந்து ஏற்றியபின் ஓரங்கள் வெளிறித் தெரிய, நடுப்பகுதி பெரும்பாலும் கருமையாகவே கிடந்தது. இரத்தம் ஓடாத இடம் அது என்றும், உள்ளே கலங்கள் செத்தாலும் இரத்தக் கசிவும் நீர்க்கட்டிகளும் அந்த இடத்தை நிரப்புவதால் அளவு குறையாமல் இருக்கலாம் என்றும் விளக்கினார். சிறுநீரக நாளத்திலும் கீழ்ப்பெருநாளத்திலும் கட்டியின் துண்டு நுழையவில்லை என்பதை இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் மூலம் உறுதிசெய்தார். சத்திரசிகிச்சை செய்பவருக்கு அது மிக முக்கியமான செய்தி. ஆனாலும் இறுதி முடிவைச் சொல்வது, வெட்டி எடுத்த கட்டியைப் பார்க்கும் நுணுக்குக்காட்டிதான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

முதல் ஸ்கானை எடுத்த இடத்தில் எங்களுக்கு அறிக்கைத் தாளை மட்டுமே தந்தார்கள், படங்களைத் தரவில்லை. அவை இல்லாததால் பழைய உட்புறத்தை இன்றையதோடு ஒப்பிட முடியவில்லை. படங்கள் உள்ள இறுவட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று இப்போது ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன்.

சிறுநீரகத்தோடு எடுத்த கட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செத்துப்போயிருந்தது. அது இடைநிலை ஆபத்து வகை, முதலாம் கட்டம்; அதாவது சிறுநீரகத்துக்கு வெளியே பரவாமல் முழுதாக எடுக்கப்பட்டது. அதன்பின் நான்கு கிழமை மருந்தோடு சிகிச்சை முடிந்தது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கானும் நெஞ்சு எக்ஸ்ரேயும். ஸ்கானுக்கு வயிற்றில் பூசும் கூழ் குளிரும் என்று முன்பு அழுதவன், போன முறை படுக்கையில் ஏறியதும் தானாகவே சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒண்டும் இல்லை, மற்றப் பக்கத்தைப் பாருங்கோ" என்றான்.