மொட்டைமாடி ஏற மறுத்த நாய்

"வேணும்னே செய்யுது டாக்டர்." வீட்டுக்குள் சிறுநீர் கழிக்க ஆரம்பித்த நாயைக் கிளினிக்குக்குக் கூட்டிவருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த நாய். பேரன் பிறந்ததில் பொறாமை, மகள் ஹாஸ்டலுக்குப் போன கோபம் என்று காரணத்தையும் அவர்களே வைத்திருப்பார்கள். நல்ல டிரெய்னர் யாராவது இருந்தால் நம்பர் கொடுங்கள் என்பார்கள். நான் முதலில் கேட்பது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று.

அது யாருக்கும் தெரியாது. கிண்ணத்தை ஒருவர் நிரப்புவார். பாத்ரூம் வாளியில் அது வாய் வைப்பதை இன்னொருவர் பார்த்திருப்பார். வாளியை மூடிவைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அளந்து ஊற்றி மிச்சத்தையும் அளக்கச் சொல்வேன். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், பொறாமைக் கதையை ஓரமாக வைத்துவிட்டு சிறுநீரகம், சர்க்கரை, அட்ரீனல் சுரப்பி என்று தேட வேண்டியதுதான். அரிப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையே தாகத்தைக் கிளப்பிவிட்டதும் உண்டு. அதற்காக அதைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய், ஹீட் எனும் இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீராகக் குடித்துச் சோர்ந்து கிடந்தால் நான் கதை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். உடனே ஸ்கேன், சீழ் இருப்பது உறுதியானால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது.

கருத்தடை செய்த பெட்டைகளின் தொல்லை வேறு. தூங்கி எழுந்த இடத்தில் மட்டும் ஈரம் இருக்கும். சிறுநீர்ப்பாதையை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துபோனதால் தானாகவே கசிகிறது. தூக்கத்தில் நடந்ததற்கு அது அடி வாங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

உடம்பில் எல்லாம் சரியாக இருந்தால், போய் வந்துகொண்டிருந்த இடம் எது, அங்கே என்ன மாறியது என்று கேட்பேன். நம் ஊரில் நிறைய நாய்களுக்கு மொட்டைமாடிதான் கழிப்பிடம். வயதான லேப்ரடார் ஒன்று படிக்கட்டுத் திருப்பத்திலேயே சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. 'சோம்பேறியாயிட்டான்' என்றார் வீட்டுக்காரர். இடுப்பு மூட்டைத் தொட்டதும் உடம்பை இழுத்துக்கொண்டது. பாதிப் படிக்கு மேல் ஏற முடியாத நாய், வீட்டுக்குள் போகாமல் தன்னால் முடிந்த தூரம் வரை வந்திருக்கிறது. மூட்டு வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்து, கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கொஞ்சம் மணல் போடச் சொன்னேன். பழைய இடத்தில் படிந்த மண் கொஞ்சத்தை அதன்மேல் தூவியதும் நாய் இடம் மாறிக்கொண்டது. மே மாதத்தில் மதியம் மாடிக்குப் போக மறுக்கும் நாய்களும் உண்டு. சந்தேகமிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தளத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஐப்பசி மழையில் கால் நனைய மாட்டேன் என்கிற பக் நாய்களுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை, குடைதான்.

'தப்பு செஞ்சா முகத்துலயே தெரியுது டாக்டர், தலையைத் தொங்கப்போட்டுக்குது' என்பார்கள். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் அந்த முகத்தில் வித்தியாசம் இல்லை. திட்டு விழும்போதுதான் அந்த முகம் அதிகமாக வந்தது. மூக்கை ஈரத்தில் தேய்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். அப்படி அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும்.

ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாய் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடும். பெட் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் வாடை போகும்.

பரிசோதனைக்கு விடிகாலை முதல் சிறுநீர்தான் நல்லது. நாய் குந்தும்போது நீளக் காம்புக் குழம்புக் கரண்டியைப் பின்னாலிருந்து மெதுவாக நீட்டினால் பிடித்துவிடலாம். அந்தக் கரண்டி அப்புறம் சமையலறைக்குத் திரும்பாது என்பது வீட்டம்மாவின் நிபந்தனையாக இருக்கும். கொண்டுவர மருந்துக்கடையில் விற்கும் டப்பாவே போதும். சரியாகக் கழுவாத ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தால், இல்லாத சர்க்கரையும் இருப்பதாகக் காட்டிவிடும்.