டிக்கி துறக்கூ!

புளியரை தாண்டி, கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி ஆரியங்காவுக்குள் நுழைந்தால், ராத்திரி கேரள செக்போஸ்ட்டில் வரும் முதல் உத்தரவு "டிக்கி துறக்கூ". திறந்தால் உள்ளே எரிவது பல்பா ஊதுபத்தியா என்று சந்தேகமாக இருக்கும். இருட்டில் ஏட்டையா கையை விட்டுத் துழாவுவார். உருண்டையாக, சில்லென்று ஏதோ தட்டுப்படும்.

"இதெந்தா?"

"பூசணிக்காய் சார். புனலூர்ல மச்சினி வீட்டுப் பால்காய்ச்சு."

இந்த விசாரணையைச் சுருக்க ஒரு எல்இடி போதும். ஆனால் கடையில் போய் "டிக்கி பல்பு குடுங்க" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. பெரும்பாலான கார்களில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, அடி தட்டையான டி10. மற்றது, ரெண்டு முனையிலும் உலோகத் தொப்பி வைத்த ஃபெஸ்டூன். இதில் 31, 36, 41 மில்லிமீட்டர் என்று நீளம் மாறும். பழைய பல்பை முனைக்கு முனை ஸ்கேலில் அளந்துகொண்டு போங்கள். 36க்கான இடத்தில் 31ஐ வைத்தால் கோட்டைவாசல் முதல் வளைவிலேயே கழன்று உள்ளே உருளும்.

பழைய பல்பு 5 வாட்தான், ஆனாலும் கை சுடும். விளக்கை அணைத்து ஆறவிட்டுத் தொடுங்கள். விளக்கு மூடியின் ஒரு ஓரத்தில் நெகிழும் காது, மறு ஓரத்தில் விறைப்பான கொக்கி. ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி, காதுப் பக்கம் நெம்ப வேண்டும். கொக்கிப் பக்கம் வீரம் காட்டினால் அது முறியும். பிறகு விளக்கு வயரில் தொங்கும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஷார்ட். பல்பைப் பிடித்திருக்கும் ரெண்டு தகட்டையும் ஸ்க்ரூடிரைவர் ஒருசேரத் தொட்டால் ஃபியூஸ் போச்சு. பல வண்டிகளில் கேபின் விளக்கு, கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவு எல்லாம் அதே ஃபியூஸில்தான் தொங்குகின்றன. டிக்கியில் கை வைத்தவருக்கு, வண்டியின் முன்பக்கம் பாட்டு ஏன் நின்றது என்று புரியாது. அந்த ஃபியூஸை முதலிலேயே உருவிவிடுவது நல்லது.

மாட்டியபின் எரியவில்லையா? கடைக்காரரைத் திட்டுமுன் திருப்பி மாட்டிப் பாருங்கள். பல எல்இடிகளுக்கு ப்ளஸ், மைனஸ் உண்டு. எரிகிறது, வெளிச்சம் மட்டும் இல்லையா? எல்இடியின் ஒளிரும் சில்லுகள் தகரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மூடியைப் பார்க்க வையுங்கள். குலுங்கும்போது மினுக்கினால் தகடு தளர்ந்திருக்கிறது. லேசாக உள்ளே வளைத்துவிடுங்கள். குற்றாலத்துக்கு அடிக்கடி போகிற வண்டி என்றால் தகட்டில் பச்சைக் களிம்பையும் பாருங்கள். சீசனில் ஈரத் துண்டும் எண்ணெய் வேட்டியும் டிக்கிக்குள்தானே போகின்றன! உப்புத்தாளால் சுரண்டினால் போதும். அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் பேய் அல்ல. வண்டியின் எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து கசியும் சொற்ப மின்சாரம். ரெசிஸ்டர் சேர்ந்த 'கேன்பஸ்' வகை வாங்கினால் பெரும்பாலும் அடங்கும்.

நிறத்தில் 6000 கெல்வின் வேண்டாம் என்பேன். அந்த நீல வெள்ளையில் நேந்திரங்காய் சிப்ஸ் சீக்காளி மாதிரி தெரியும். 4000 பார்க்க இதம்.

ராத்திரிவரை காத்திராமல் பட்டறையிலேயே சோதிக்கலாம். டிக்கிக் கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் "டக்" என்று அழுத்துங்கள். பல வண்டிகளில் விளக்குக்கான ஸ்விட்ச் பூட்டுக்குள்தான். கதவு மூடிவிட்டதாக நம்பி விளக்கு அணையும். நாக்கை விடுவிக்காமல் கதவை ஓங்கிச் சாத்துகிறவர்களும் உண்டு.

"அண்ணாச்சி, சாத்த மாட்டேங்கு!"

"உடைச்சிராதியும்வே! கைப்பிடிய ஒருக்கா இழும், நாக்கு விடும்."