ஐஸ் மேக்கர் நின்றுவிட்டால் முதலில் அச்சுக்குள் எட்டிப் பாருங்கள்

குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் மேக்கர் கட்டி போடுவதை நிறுத்திவிட்டால், அமெரிக்க வீடுகளில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று: தண்ணீர் ஃபில்டரை மாற்றுவார்கள், அல்லது ஆளை அழைத்து ஐஸ் மேக்கரையே முழுதாக மாற்றிவிடுவார்கள். இவை சில வேளைகளில் பலன் தருவதால் இதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஐஸ் மேக்கர் என்பது தண்ணீர்க் குழாயில் தொடங்கும் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. பழுது அதற்கு முன்னால் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், ஐஸ் சேரும் தொட்டியை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் விளக்கை அடித்து, கட்டி உறையும் அச்சுக்குள் பார்க்க வேண்டும். அச்சு காலியாக இருக்கும், அல்லது தண்ணீர் உறையாமல் நிற்கும், அல்லது உறைந்த கட்டி வெளியேறாமல் கிடக்கும். இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

இயந்திரம் இயங்கும் முறையை அறிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். வீட்டுப் பெட்டியில் தானாகக் கட்டி போடும் ஏற்பாட்டை செர்வெல் நிறுவனம் 1953இல் கொண்டுவந்தது. இன்றும் பல பெட்டிகளில் உள்ள பிறைவடிவக் கட்டி போடும் வகை, அடிப்படையில் மிக எளிய கருவிதான். அலுமினிய அச்சோடு ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட், அச்சின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியசுக்கு இறங்கியதும் மின்சாரத்தை விடுகிறது. அச்சுக்கு அடியிலுள்ள ஹீட்டர் சூடாகிக் கட்டியின் அடிப்பக்கத்தை இளக்க, மோட்டார் மெல்லச் சுழன்று விரல்கள் போன்ற தகடுகளால் கட்டிகளைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. சுற்று முடியும் தறுவாயில், பெட்டியின் பின்புறம் அடியில் இருக்கும், மின்சாரம் பாய்ந்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு சுமார் ஏழரை நொடி திறந்து, ஏறத்தாழ 140 மில்லிலிட்டர் தண்ணீரை அச்சுக்கு அனுப்புகிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வகைக் கருவிக்குத் தண்ணீர் எவ்வளவு வந்தது என்பது தெரியாது. அது எண்ணுவது நொடிகளை மட்டுமே. அழுத்தம் குறைந்தால் அதே ஏழரை நொடியில் பாதித் தண்ணீர்தான் வரும், கட்டியும் சிறுத்துப்போகும். தண்ணீரே வராவிட்டாலும் காலி அச்சு குளிர்ந்தவுடன் தெர்மோஸ்டாட் இயங்கும், மோட்டார் சுற்றும், வால்வு திறக்கும். ஒன்றுமே இல்லாத அச்சிலிருந்து ஒன்றுமே இல்லாததைத் தள்ளிவிட்டு அது மறுபடியும் தண்ணீர் கேட்கும். நின்றுவிட்டதாக நாம் நினைக்கும் ஐஸ் மேக்கர் பல நேரங்களில் இப்படி வெறுமனே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அச்சைப் பார்க்கும்போதே பக்கவாட்டில் உள்ள கம்பிக் கையையும் பார்த்துவிடுங்கள். தொட்டி நிரம்பியதும் கட்டிகளின் மீது தட்டி மேலேயே நின்று இயந்திரத்தை நிறுத்துவது அதன் வேலை. நம் வீட்டு ஃப்ரீசர்களில் தேங்காய்த் துருவல் பொட்டலமும் உறைந்த பரோட்டாவும் நிலையாகக் குடியிருப்பதால், அவற்றைத் திணிக்கும் அவசரத்தில் இக்கை மேலே தூக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. சில பெட்டிகளில் கம்பிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியால் தொட்டியின் நிரப்பை அறிகிறார்கள். அந்தச் சிறு கண்ணாடியின் மேல் பனிப்பூச்சு படிந்தால், காலித் தொட்டியும் நிரம்பியதாகவே கருதப்படும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எங்கள் வீடு சான் அன்டோனியோவில் இருக்கிறது. எட்வர்ட்ஸ் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வரும் இவ்வூர்த் தண்ணீரின் கடினத்தன்மை பேர்போனது. குழாய் நுனியெல்லாம் வெள்ளை பூத்துவிடும். சென்ற கோடையில், வெளியே வெயில் 38 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த நாட்களில், ஐஸ் முதலில் சிறுத்தது, பிறகு நின்றது. பார்க்க வந்த பணியாளர் ஐஸ் மேக்கரை மாற்ற வேண்டும் என்று கூறி விலையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சென்ற பின் தொட்டியை எடுத்துப் பார்த்தபோது அச்சு காய்ந்து கிடந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பின்சுவர்க் குழாயின் வாய் முழுவதும் பனி அடைத்திருந்தது.

இப்படி அடைத்த குழாயைத் திறப்பது கடினமன்று. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கீழே துணியைப் பரப்பி, வெந்நீரைச் சிரிஞ்சால் சிறிது சிறிதாகக் குழாயின் வாயில் விடலாம். தலைமுடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில், ஈரம் படாத தூரத்தில் பிடித்தும் இளக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்துவது கூடாது. பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் செலவு வேறு திசையில் போய்விடும். ஆனால் பனியை இளக்கியதோடு பலர் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். சில நாட்களில் மீண்டும் அடைக்கும். எங்கள் வீட்டிலும் அப்படியே அடைத்தது. ஏனெனில் வேகமாகப் பாயும் தண்ணீர் குழாயில் உறைவதில்லை. சொட்டுச் சொட்டாக வருவதுதான் உறைகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் ஏன் சொட்டுகிறது என்பதே.

வால்வினுள் மணல் துகளோ சுண்ணாம்புத் துணுக்கோ சிக்கினால் அது முழுதாக மூடாமல் கசியும். இதைவிடச் சூட்சுமமான காரணம் அழுத்தக் குறைவு. இந்த வால்வு மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் வேண்டும்: மின்சாரம் நின்றதும், குழாயிலுள்ள அழுத்தம்தான் உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வைத் தண்ணீர் வெளியேறும் துளையின் விளிம்போடு வைத்து அழுத்துகிறது. பெரும்பாலான பெட்டிகள் 20 முதல் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) வரையிலான அழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. 20க்குக் கீழே போனால் தண்ணீர் குறைவாக வருவதோடு, வால்வும் சரியாக மூடாமல் கசிந்து, வாயில் பனியை வளர்க்கும். அடைத்திருந்த பனி நோயல்ல, அதன் அடையாளம் மட்டுமே.

அழுத்தம் எங்கே குறைகிறது என்பதைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தேடுவது நல்லது. முதலில் ஃபில்டரைக் கழற்றி, அதன் இடத்தில், தண்ணீரை வடிகட்டாமல் நேராகக் கடத்திவிடும், பெட்டியோடு வந்த அடைப்பானைப் பொருத்திப் பாருங்கள். அப்போது தண்ணீர் ஓங்கி வந்தால் குற்றவாளி ஃபில்டர்தான். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வெறும் விற்பனைத் தந்திரம் என்று நினைப்பவர்கள், எங்கள் ஊர்த் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துப் பார்க்கலாம். பிறகு, சுவரிலுள்ள வால்வை மூடி, பெட்டியின் பின்னால் வந்து சேரும் கால் அங்குலக் குழாயைக் கழற்றி, வாளிக்குள் பிடித்து வால்வைத் திறக்க வேண்டும். எங்கள் வாளியில் பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு நூல் விழுந்தது.

காரணம், சமையலறைத் தொட்டிக்கு அடியில் செப்புக் குழாயின் மேல் கவ்வியிருந்த சேடில் வால்வு. ஓர் ஊசியால் குழாயைத் துளைத்து அதன் வழியே தண்ணீர் எடுக்கும் மலிவான ஏற்பாடு அது. அந்த ஊசித்துளையில் சுண்ணாம்பு படிந்தால் வழி குறுகிக்கொண்டே வரும். அதை அகற்றி, குழாயை வெட்டி, முறையான டி இணைப்போடு, கால் சுற்று திருப்பினாலே திறக்கும் வால்வு ஒன்றை ஒரு பிளம்பர் பொருத்திக் கொடுத்தார். பழைய ஐஸ் மேக்கர் அதன்பின் மறுபேச்சில்லாமல் வேலை செய்கிறது.

ஆர்.ஓ. கருவியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இணைப்பு கொடுத்திருப்பவர்கள் இதே கோணத்தில் யோசிக்க வேண்டும். ஆர்.ஓ. தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் வீட்டுக் குழாயின் அழுத்தத்தைவிட மிகக் குறைவு. தொட்டி பாதி காலியானால் இன்னும் குறையும். ஏற்கெனவே வடிகட்டிய தண்ணீருக்குப் பெட்டியினுள் இரண்டாம் ஃபில்டர் எதற்கு? அதை எடுத்துவிட்டாலே சில வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

அச்சில் தண்ணீர் உறையாமல் நின்றால் கதை வேறு. ஃப்ரீசர் போதிய அளவு குளிரவில்லை. அது மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மைனஸ் 12க்கு மேல் ஏறினால் ஐஸ் போடுவது மந்தமாகி, பிறகு நின்றுவிடும், ஆனால் கோழியும் மீனும் கட்டியாகவே இருப்பதால் நமக்குச் சந்தேகம் எழாது. பெட்டியின் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர் சுருளில் படிந்த தூசி, சரியாக மூடாத கதவு ரப்பர், பின்சுவரில் அடையாகப் படியும் பனி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பின்சுவர்ப் பனி என்றால், பனியை அவ்வப்போது தானாக உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில் பழுது இருக்கலாம்.

கட்டி உறைந்தும் வெளியேறாமல் கிடந்தால்தான் ஐஸ் மேக்கரையே சந்தேகிக்க நியாயம் உண்டு. அப்போதும் முதலில் அச்சின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்புப் பொருக்கு படிந்திருந்தால் கட்டி அதைப் பற்றிக்கொண்டு நகராது; வினிகர் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் கழுவினால் விட்டுவிடும். அச்சு சுத்தமாக இருந்தும் தகடுகள் பாதியில் நின்றிருந்தால் ஹீட்டரோ மோட்டாரோ தெர்மோஸ்டாட்டோ கெட்டிருக்கலாம். முன்மூடியைக் கழற்றி, இரு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்து மோட்டாரைச் சுற்றவைக்கும் வித்தையைப் பல காணொளிகளில் காட்டுகிறார்கள். அங்கே ஓடுவது 120 வோல்ட் என்பதால், மின்வேலை பழகாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. புதிய மின்னணு வகைகளில் இதற்கென்றே ஒரு சோதனைப் பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நாள் முழுதாகக் காத்திருங்கள். புதிய ஃபில்டர் என்றால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக் கொட்டி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். குழாய் வேலை நடந்திருந்தால் முதலில் விழும் சில ஈடு கட்டிகளைத் தொட்டிச் செடிகளுக்குப் போட்டுவிடலாம்.